டிப்ளமோ படித்த ராக் மன்னன்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடு என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டார். அப்துல் கலாம் ஐயாவைப் பற்றி ஏற்கெனவே மூன்று கட்டுரைகள் வந்துவிட்டனவாம். ஆகவே நான் ஒரு பாட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஃப்ரெடி மெர்க்குரி. இங்கிலாந்தில் குயீன் என்ற ராக் இசைக்குழுவின் பாடகர். 1991-ல் மறைந்துவிட்டார். நம்மில் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் அவர்கள் இசை உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. கிரிக்கெட் மேட்சில் கூட்டம் இரண்டு தடவை காலால் தரையை மிதித்து ஒரு தடவை கை தட்டுகிறதே, தும்-தும்-டப், தும்-தும்-டப் என்று, அது இந்தக் குழு 1977-ல் வெளியிட்ட பாட்டின் தாளம். அந்தப் பாட்டின் பெரும்பகுதியில் டிரம்ஸே கிடையாது. மரப்பலகை மேல் நின்று மிதித்து, கை தட்டி, அதையே பல தடவை பதிவு செய்து ஒரு பெருங்கூட்டம் மிதிப்பது போலச் செய்தார்கள்.

வெள்ளைக்காரன் பாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர் வெள்ளைக்காரரே இல்லை, இந்திய வம்சாவளி. நம்ம ஊர் மாதிரியே ஒரு மலை ஊரில் சுமார் எட்டு வருஷம் பள்ளியில் படித்தவர். அதைவிட முக்கியம், அவர் பாலிடெக்னிக்கில் படித்தவர், கடைசியில் வாங்கியது டிப்ளமோ! பஸ்ஸில் பி.இ. படிக்கிறவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையை அனுபவித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அருகே சான்சிபார் என்று ஒரு தீவு. கிராம்புக்குப் பேர் போனது. அங்கே 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஃபரோக் பல்சாரா. குஜராத்தில் பல்சார் என்றொரு ஊர், இப்போது வல்சாட் என்கிறார்கள், அந்த ஊர்ப் பெயர்தான் அவர்கள் குடும்பப் பெயர். அப்பா பொமி, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஹைகோர்ட்டில் காசாளர். அம்மா ஜெர். பிற்பாடு காஷ்மீரா என்று ஒரு தங்கை. அரசாங்க உத்தியோகம் ஒரு குஜராத்திக் குடும்பத்தைக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் வைத்தது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வருகிறேன்.

எட்டு வயசில், 1955-ல், பையனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வருக்குப் பக்கத்தில் பாஞ்ச்கனி என்ற மலை ஊர். அங்கே செயின்ட் பீட்டர்ஸ் என்ற ஆண்கள் போர்டிங் பள்ளி. குளிர், மூடுபனி, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் தூங்கும் வாழ்க்கை. லீவு விட்டாலும் சான்சிபார் போய்வருவது லேசில்லை, ஆகவே பல லீவுகள் பம்பாயில் சொந்தக்காரர் வீட்டில் கழிந்தன. லவ்டேல், ஊட்டி, குன்னூர்ப் பக்கம் இருக்கும் பெரிய போர்டிங் பள்ளிகளின் மதில் சுவரை நாமெல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். உள்ளே இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் எங்கள் எஸ்டேட் லைனில் சொல்வோம். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு நனைந்துபோய் வந்தாலும், ராத்திரி அம்மா பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினோம். அந்தச் சுகம் மதிலுக்கு உள்ளே இருந்த எட்டு வயசுப் பையனுக்குக் கிடைக்கவில்லை என்பதை இவர் கதையைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

பள்ளியில் அவருக்கு ஃப்ரெடி என்று பெயர் வந்தது. இன்னொரு பட்டப்பெயரும் வந்தது, அது அவர் பல்லை வைத்து. வாயில் நாலு பல் அதிகமாக முளைத்து முன்பல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? பெரிய ஆளாகிக் கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகும் அவர் அந்தப் பல்லைச் சரி செய்துகொள்ளவில்லை. வாயின் அமைப்பு மாறினால் குரல் மாறிவிடுமோ என்ற பயம். போட்டோ எடுக்கும்போது உதட்டால் மூடிக்கொள்வார். ஆனால் பாடும்போது மூடியதில்லை.

படிப்பில் முதல் மாணவர் என்று சொல்ல முடியாது. டேபிள் டென்னிஸ் நன்றாக ஆடுவார். பாட்டில் பையனுக்கு ஏதோ இருக்கிறது என்று தலைமையாசிரியர் கண்டுகொண்டு, கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் பியானோ முறையாகச் சொல்லித் தருகிறோம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். அவர்களும் கட்டினார்கள். நாலாம் கிரேடு வரை பரீட்சை எழுதித் தேறினார். அவர் முறைப்படி கற்ற சங்கீதம் ஏறக்குறைய அவ்வளவுதான். 1958-ல், பன்னிரண்டு வயசில், ஐந்து பையன்கள் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்றொரு குழுவைத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் அதில் முக்கியப் பாடகர் இவர் இல்லை! இவர் பியானோ வாசித்துப் பின்பாட்டுப் பாடினார். முன்னால் நின்று பாடியது வேறொரு பையன்.

அந்தப் பையன்கள் வாசித்தது கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ போன்றவர்களின் பாட்டுக்களை. இந்த ராக் அண்ட் ரோலுக்குத் தாய் ப்ளூஸ். அமெரிக்காவின் தெற்கே பருத்தித் தோட்டத்தில் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள் தங்கள் கஷ்டத்தைப் பாடிய பாட்டு அது. மடி வாட்டர்ஸ் என்ற பெரிய ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பியில் ஸ்டோவால் என்ற தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1941-ல் நாட்டுப் பாடல் சேகரிக்கிறவர்கள் அவர் குடிசைக்கே பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அவரைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகு அந்த மனிதர் தோட்டத்திலேயே நிற்கவில்லை, 1943-ல் சிகாகோ போய்விட்டார். அங்கே குடிக்கிற இடங்களில் கூச்சல் தாங்காமல் கிடாருக்கு மின்சாரம் கொடுத்தார். தோட்டத்துப் பாட்டும் ஆம்ப்ளிபையரும் சேர்ந்த அந்த இடத்தில்தான் பின்னால் வந்த ராக் குழுக்களெல்லாம் பிறந்தன என்றால் மிகையாகாது. எங்கள் எஸ்டேட்டில் கிழவிகள் கொழுந்து எடுக்கும்போது பாடுகிற பாட்டை யாரும் இப்படிப் பதிந்ததாக நான் கேள்விப்படவில்லை. அது போகட்டும்.

1963-ல் ஃப்ரெடி சான்சிபார் திரும்பினார். மறு வருஷம் ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது. அரபுக்களும் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பல்சாரா குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடிற்று. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில் ஃபெல்தம் என்ற இடத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். அப்போது ஃப்ரெடிக்கு வயசு பதினேழு.

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதிதான் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். அந்த 5,25,000-ல் என் தாத்தாவும் ஒருவர். அட்டன் பக்கம் லைன் வீட்டில் பிறந்தவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1968-ல் தாயகம் திரும்புகிறவர்களுக்காகவே தொடங்கிய தோட்டம், 1976 முதல் டான்டீ என்று கழகமாகிவிட்டது. ஒரே வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு குடும்பத்தைக் கணக்கு எழுத ஆப்பிரிக்காவுக்கும், இன்னொரு குடும்பத்தைக் கொழுந்து பறிக்க இலங்கைக்கும் கொண்டுபோனது. வெள்ளைக்காரன் கிளம்பிய பிறகு இரண்டு குடும்பமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. காசாளர் குடும்பமும் கூலிக் குடும்பமும் ஒன்றல்ல, அது எனக்கும் தெரியும். அவர்களுக்கு விமான டிக்கெட் இருந்தது. ஆனாலும் சொந்த ஊர் எது என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும்.

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்து போன ஃப்ரெடி 1964-ல் சேர்ந்த இடம் ஐல்வொர்த் பாலிடெக்னிக். அங்கே ஓவியம் படித்து, 1966-ல் ஈலிங் கலைக் கல்லூரிக்குப் போய், 1969-ல் வரைகலை வடிவமைப்பில் டிப்ளமோ வாங்கினார். லீவு நாட்களில் ஹீத்ரோ விமான நிலையத்தில் சாமான் தூக்கினார். வகுப்பில் உட்கார்ந்து ஜிமி ஹென்ட்ரிக்ஸ் படமாக வரைந்து தள்ளுவாராம். ஹென்ட்ரிக்ஸ் என்பவர் மின்சாரக் கிடாரில் ப்ளூஸை எங்கோ கொண்டுபோன கறுப்பினக் கலைஞர், 1970-ல் தம் இருபத்தேழாவது வயசில் இறந்துவிட்டார். டிப்ளமோ கிடைத்த பிறகு நம்ம அண்ணன்மாருக்கு ஆவதுதான் இவருக்கும் ஆயிற்று, ஒழுங்கான வேலை கிடைக்கவில்லை. நண்பர் ரோஜர் டெய்லரோடு லண்டனில் கென்சிங்டன் மார்க்கெட்டில் கடை போட்டுப் பழைய துணி விற்றார். அதற்குள் இரண்டு மூன்று குழுக்களில் பாடிப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் நிலைக்கவில்லை. ஒரு மேடையில் மைக் ஸ்டாண்டு பாதியில் கழன்று கையோடு வந்துவிட, மேல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பாடி முடித்தார். சாகும்வரை அந்தப் பாதி ஸ்டாண்டு அவர் அடையாளமாகிவிட்டது.

டெய்லரும் பிரையன் மே என்ற கிடார்க்காரரும் ஸ்மைல் என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் பாடகர் 1970-ல் விலகியதும் ஃப்ரெடி உள்ளே வந்தார். குழுவுக்குக் குயீன் என்று பெயர் வைத்தவர் அவர். தம் பெயரையும் பல்சாராவிலிருந்து மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டார். மெர்க்குரி என்றால் புதன் கிரகம், நம்ம லேப் பாஷையில் பாதரசம். குழுவின் சின்னத்தையும் அவரே வரைந்தார். இரண்டு சிங்கம், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள், எல்லாம் நாலு பேருடைய ராசிகள், மேலே சிறகு விரித்த ஃபீனிக்ஸ் பறவை. டிப்ளமோ வீண் போகவில்லை பார்த்தீர்களா!

மற்ற மூவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் துறைக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். பிரையன் மே இயற்பியல் மாணவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிடார் வாங்கக் காசில்லாமல், 1963-ல் அப்பாவோடு சேர்ந்து வீட்டுப் பட்டறையில் சொந்தமாகவே ஒன்று செய்யத் தொடங்கினார். பழைய கணப்பு அடுப்பின் மேற்பலகையை இழைத்துக் கழுத்து, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் சட்டைப் பொத்தான், ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியின் முனை, இப்படி. செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. குயீனின் ஏறக்குறைய எல்லா இசைத்தட்டுகளிலும் கேட்பது அந்தக் கிடார்தான். வாசிப்பது ஒரு பழைய ஆறு பென்ஸ் காசால். பாதியில் விட்ட ஆராய்ச்சியை முடித்து 2007-ல் வானியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

பேஸ் கிடார் வாசித்த ஜான் டீக்கன் 1971-ல் கடைசியாகச் சேர்ந்தவர். மின்னணுவியல் படித்து முதல் வகுப்பில் தேறியவர், அதாவது நம்ம ஆள்! ஒரு நாள் லண்டன் தெருவில் குப்பைத் தொட்டியில் யாரோ எறிந்த சர்க்யூட் போர்டு ஒன்று கிடந்தது. எடுத்துவந்து, ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட அந்தப் போர்டைச் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரி கொடுத்தார். வால்யூம் குமிழ்கூடக் கிடையாது. அதில் பிரையன் மே கிடாரை இணைத்தால் வயலின் போலவும் எக்காளம் போலவும் சத்தம் வந்தது. பெரிய பெரிய ஸ்டூடியோவில் பதிந்த பாட்டுக்களில் வாத்தியக் கோஷ்டி என்று உலகம் நினைத்துக் கேட்டதில் பாதி இந்தக் குப்பைத் தொட்டி ஆம்ப்ளிபையர். நம்ம லேபில் பழுது என்று ஓரம் கட்டிய போர்டுகளை அன்றிலிருந்து நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

ரெக்கார்டு என்றதும் நமக்கு வைவாவுக்கு முந்தைய ராத்திரி உட்கார்ந்து காப்பி அடிக்கும் நோட்டுத்தான் ஞாபகம் வரும். இவர்கள் ரெக்கார்டு போட்ட கதையைக் கேளுங்கள். முதல் இசைத்தட்டு 1973-ல் வந்தது. ஸ்டூடியோவுக்கு முழு வாடகை கொடுக்க வக்கில்லாததால், பணம் கொடுத்த பெரிய பாடகர்கள் வேலை முடித்துப் போன பிறகு காலியாகக் கிடந்த நேரத்தில் பதிந்தார்கள். இரண்டே வருஷத்தில், 1975-ல், அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். ஃப்ரெடி எழுதிய போஹீமியன் ராப்சடி என்ற பாட்டு. வேல்ஸ் நாட்டில் ராக்ஃபீல்டு என்ற பண்ணை ஸ்டூடியோவில் தொடங்கினார்கள். அந்தப் பாட்டின் நடுவே மேல்நாட்டு ஓபரா மாதிரி நூறு பேர் கோஷ்டியாகப் பாடுவதுபோல் ஒரு பகுதி வரும். பாடியது மூன்றே பேர். மே, டெய்லர், ஃப்ரெடி.

எப்படி என்றால், டேப்பில் 24 ட்ராக். மூன்று பேரும் ஒரு வரியைப் பாடிப் பதிவார்கள். அதே வரியைத் திரும்பப் பாடி அடுத்த ட்ராக்கில் பதிவார்கள். ட்ராக் நிரம்பியதும் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிரண்டு ட்ராக்கில் ஏற்றிவிட்டு, காலியான இடத்தில் மறுபடி பாடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், அந்தப் பகுதிக்கே ஏறக்குறைய மூன்று வாரம். சில இடங்களில் 180 தடவை குரல் மேல் குரல் ஏற்றினார்களாம். டேப் அத்தனை தடவை ஹெட்டில் உரசி உரசி, மேல் பூசிய இரும்பு ஆக்ஸைடு கொட்டிப்போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்ததாம்! கம்ப்யூட்டர் இல்லை, அழித்துத் திருத்தும் பட்டன் இல்லை. முழுப் பாட்டின் வரைபடமும் ஃப்ரெடியின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. நாலாம் கிரேடு பியானோ படித்த தலை! பாட்டு ஐந்து நிமிடம் 55 விநாடி வந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் ரேடியோவில் போடமாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். கடைசியில் ஒரு ரேடியோ அறிவிப்பாளர் இரண்டு நாளில் பதினாலு தடவை போட்டுவிட்டார். ஒன்பது வாரம் இங்கிலாந்தில் முதலிடம்.

சரி, மூன்று பேர் 180 குரலாகிப் பாடியதை மேடையில் எப்படிப் பாடுவது? இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஏனென்றால் லீவு நாட்களில் நான் குன்னூரில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணம், மாரியம்மன் திருவிழா, சர்ச் பண்டிகை எல்லாவற்றுக்கும் பாக்ஸ் தூக்கி வைப்பேன், ஒயர் இழுப்பேன். எங்கள் முதலாளி அண்ணனிடம் ஒரு பழைய கேசட் இருந்தது. ஆம்ப்ளிபையர் சரி பார்க்க எப்போதும் அதைத்தான் போடுவார். அதுதான் குயீனின் லைவ் கில்லர்ஸ். 1979-ல் அவர்கள் ஐரோப்பா முழுக்கச் சுற்றி நடத்திய கச்சேரிகளை மேடையிலேயே பதிந்து வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. கூட்டத்தின் சத்தம், கிடார் இரைச்சல், நடுவே ஃப்ரெடி மூச்சு வாங்குவது வரை எல்லாம் கேட்கும்.

அதில் அந்த ஓபரா இடம் வந்ததும் நாலு பேரும் மேடையை விட்டுப் போய்விடுகிறார்கள். ஸ்டூடியோவில் பதிந்த டேப் ஓடுகிறது. அது முடிந்து பலத்த கிடார் தொடங்கும்போது வெடியும் வெளிச்சமுமாக ஓடி வருகிறார்கள். முடியாததை முடிந்ததுபோல் வாயசைத்துக் காட்டவில்லை. நம்ம ஊர் கலைநிகழ்ச்சியில் பென் டிரைவில் பாட்டை ஓடவிட்டு மைக்கைக் கடித்துத் தின்பதுபோல் நடிக்கிறார்களே, அவர்களை நினைத்துக்கொண்டேன். லைவ் கில்லர்ஸ் ஒலிப்பதிவு மட்டமானது என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கென்னவோ மைக் செட்காரனின் காதுக்கு அதுதான் உண்மையாகப் படுகிறது. ஸ்டூடியோத் தட்டில் இருப்பது ஃப்ரெடி கற்பனை செய்த சத்தம், இதில் இருப்பது அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த சத்தம்.

மேடைதான் அவர் வீடு. 1985 ஜூலை 13-ஆம் தேதி எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்லி ஸ்டேடியத்தில் லைவ் எய்டு என்ற மாபெரும் கச்சேரி நடந்தது. குயீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம். பகல் வெளிச்சம், விளக்கு ஜோடனை இல்லை, வந்திருந்த எழுபதாயிரம் பேரும் அவர்களுக்காக மட்டும் டிக்கெட் வாங்கியவர்களும் இல்லை. ஒரு பனியனும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு பாதி ஸ்டாண்டோடு வந்தார். பாட்டுக்கு நடுவே வெறும் குரலை ஏற்றி இறக்கி ஒரு ராகம் விட்டார், எழுபதாயிரம் பேரும் அதை அப்படியே திருப்பிப் பாடினார்கள். வகுப்பில் அறுபது பேரை ஒரே நேரத்தில் எழுந்து நிற்கவைக்கவே நம்ம சாருக்கு முடிவதில்லை! யூடியூபில் இருக்கிறது, அவசியம் பாருங்கள். அடுத்த வருஷம் அதே வெம்ப்லியில் ஜூலை 11, 12 இரண்டு நாள் பாடினார்கள். 1986 ஆகஸ்ட் 9-ல் நெப்வொர்த் என்ற இடத்தில் லட்சம் பேருக்கு மேல் கூடிய மைதானத்தில் பாடியது ஃப்ரெடியோடு சேர்ந்து குயீனின் கடைசிக் கச்சேரி. கடைசி என்று அன்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

1987-ல் அவருக்கு எய்ட்ஸ் இருப்பது உறுதியாயிற்று. அந்தக் காலத்தில் மருந்தென்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சொன்னால் ஊர் ஒதுக்கிவிடும் நோய். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-ல் நம்ம சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இரத்த மாதிரி சேகரித்துக் கண்டுபிடித்தார்கள், அதை நம்பவே பலருக்கு மனசில்லை. ஃப்ரெடி கடைசி வருஷங்களில் ஜிம் ஹட்டன் என்ற ஆணோடு வாழ்க்கைத் துணையாக வாழ்ந்தார். பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். உடம்பு மெலிய மெலிய என்ன நோய் என்று கேட்டு எழுதினார்கள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பாடினார். நிற்க முடியாத நாட்களிலும் சுவிட்சர்லாந்தில் மான்ட்ரோ என்ற ஏரிக்கரை ஊரில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போய்க் கிடைத்த வரியையெல்லாம் பதிந்து வைத்தார். மிச்சத்தை மற்ற மூவரும் பிறகு முடித்து 1995-ல் வெளியிட்டார்கள். 1991 மே மாதம் எடுத்த கடைசிப் பாட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள், நோயின் கோலம் அவ்வளவாகத் தெரியாமல் இருக்க. நவம்பர் 23-ல் தமக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை கொடுத்தார். மறுநாள் 24-ஆம் தேதி மாலை இறந்தார். வயசு 45.

அடக்கச் சடங்கைப் பார்சி புரோகிதர்கள்தான் நடத்தினார்கள். இதைப் படித்ததும் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். உயிரோடு இருந்தவரை பேட்டிகளில் சான்சிபாரைப் பற்றியோ பாஞ்ச்கனியைப் பற்றியோ அவர் வாய் திறந்தது மிகக் குறைவு. உலகத்தில் பாதிப் பேருக்கு அவர் இந்திய வம்சாவளி என்றே தெரியாது. சிலர் இதைக் குற்றமாகச் சொல்கிறார்கள், தன் ஊரை மறைத்தவர் என்று. 1960-களில் இங்கிலாந்தில் பழுப்புத் தோல்காரர்களைத் தெருவில் விரட்டிய காலத்தில், பல்சாரா என்ற பெயரோடு ராக் பாடகனாக ஒருவரை மேடையேற்றியிருப்பார்களா என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும். போன மாதம் அப்ரண்டிஸ் விண்ணப்பம் நிரப்பும்போது சொந்த ஊர் என்ற கட்டம் வந்தது. அப்பா குன்னூர் என்று எழுதச் சொன்னார். சிலோன்காரர் என்று பேர் விழுந்தால் வேலையிடத்தில் வேறு மாதிரி பார்ப்பார்கள் என்பது அவர் பட்ட அனுபவம். தாத்தா, தான் ஒரு நாள்கூடப் பார்க்காத, தன் தாத்தா புறப்பட்ட திருச்சிப் பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் குன்னூர் என்றுதான் எழுதினேன். அது பொய்யும் இல்லை, நான் பிறந்தது இங்கேதான். ஆனாலும் ஃப்ரெடி வாயை மூடிக்கொண்டதற்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது.

அவர் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1992 ஏப்ரல் 20-ல் அதே வெம்ப்லியில் நண்பர்கள் நினைவுக் கச்சேரி நடத்தினார்கள், அதிலிருந்து எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவ மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை பிறந்தது. மறு மாதம் வெம்ப்லி 1986 கச்சேரி இசைத்தட்டாக வந்தது, லைவ் அட் வெம்ப்லி என்று கேட்டால் கிடைக்கும். புதிதாகக் கேட்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம், பிறகு லைவ் கில்லர்ஸ். 2018-ல் அவர் கதை சினிமாவாக வந்து நடிகருக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. படத்தில் வருஷங்களை முன்னே பின்னே மாற்றிவிட்டார்கள், ஆகவே பரீட்சைக்குப் படத்தைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

பெற்றோர் அவர் இறந்த பிறகும் பல வருஷம் அந்த ஃபெல்தம் வீட்டிலேயே இருந்தார்கள். மகன் ராக் மன்னனான பிறகும் அடிக்கடி அம்மா சமையலைச் சாப்பிட அங்கேதான் வருவார். அகதியாக வந்து இறங்கிய அந்த வீட்டுச் சுவரில் 2016-ல் நீல நிற நினைவுப் பலகை ஒன்றைப் பதித்தார்கள். தங்கை காஷ்மீராவும் அங்கே வந்திருந்தார். பலகையில் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் பாடகர், பாடலாசிரியர் என்பதும் இருக்கிறது. பெயர் போட வேண்டிய இடத்தில் ஃப்ரெடி மெர்க்குரி என்று போட்டு, கூடவே அடைப்புக்குறிக்குள் ஃப்ரெட் பல்சாரா என்றும் போட்டிருக்கிறார்கள்.